மியூனிக் நிலவறையில் பிறந்த ஒரு டிஸ்கோ பாட்டு

டிஸ்கோ என்றதும் கண்ணாடி உருண்டையும் மினுங்கும் சட்டையும் நினைவுக்கு வரும் என் தலைமுறை நண்பர்களிடம் 1977-இல் வெளிவந்த 'ஐ ஃபீல் லவ்' பாடலைப் போட்டுக் காட்டினால், அது அவ்வளவு பழைய பாட்டு என்பதை நம்ப மறுக்கிறார்கள். அக்காலத்து டிஸ்கோவில் தவறாமல் இடம்பெற்ற வயலின் கூட்டமோ ஊதுகருவிகளோ இதில் இல்லை. மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் ஒரு சிந்தசைசர், ஒரு பெரிய டிரம், டோனா சம்மரின் குரல், அவ்வளவுதான். இயந்திரம் செய்த பாட்டு என்று இதைச் சொல்வதில் எனக்குப் பாதிச் சம்மதம்தான். உருவான விதத்தை அறிந்த பிறகு, அந்த இயந்திரத்தோடு மனிதர்கள் மல்லுக்கட்டிய கதையாகவே இது எனக்குப் படுகிறது.

பாஸ்டனில் பிறந்த டோனா சம்மர் 'ஹேர்' என்னும் இசை நாடகத்தில் நடிப்பதற்காக ஜெர்மனிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். இத்தாலியரான ஜியோர்ஜியோ மொரோடரும் ஆங்கிலேயரான பீட் பெல்லாட்டும் மியூனிக்கில் அவருக்குப் பாடல்களைத் தயாரித்தார்கள். 1977-இல் அவர்கள் உருவாக்கிய 'ஐ ரிமெம்பர் யெஸ்டர்டே' தொகுப்பு கடந்துபோன காலங்களின் இசைப் பாணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்லும். அதன் கடைசிப் பாட்டு மட்டும் இனி வரப்போகும் காலத்துடையதாக ஒலிக்க வேண்டும் என்று மொரோடர் விரும்பினார்.

ஓர் உயர்ந்த கட்டடத்தின் நிலவறையில் இருந்த மியூசிக்லேண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில், இசையமைப்பாளர் எபெர்ஹார்ட் ஷோனருக்குச் சொந்தமான 'மூக்' என்ற வகைப் பெரிய சிந்தசைசரை வைத்துக்கொண்டு வேலை தொடங்கியது. அலமாரி அளவுக்கு இருந்த அந்தக் கருவி சுருதியில் நிற்காது. சிறிது நேரம் வாசித்ததும் விலகிவிடும். ஆகவே சிறு துண்டு ஒன்றைப் பதிவு செய்வது, நிறுத்தி மீண்டும் சுருதி சேர்ப்பது, அடுத்த துண்டைப் பதிவு செய்வது என்று ஒட்டு ஒட்டாகவே பாட்டு வளர்ந்தது. அக்கருவியைக் கையாளத் தெரிந்த ராபி வெடல், ஒலிநாடாவின் ஒரு தடத்தில் தாளக் குறிப்பொலியைப் பதிந்து, அடுத்தடுத்துச் சேர்க்கும் பகுதிகள் யாவும் அதனோடு பிசகாமல் இணையும்படி செய்தார். இந்த வித்தை மொரோடருக்கே அப்போது புதிது. தாளத் தட்டின் 'ச்ச்' ஒலியைக்கூட மூக் கருவியின் இரைச்சலிலிருந்தே வெட்டி எடுத்தார்கள். ஆனால் நெஞ்சில் இடிக்கும் அந்தப் பெரிய டிரம் அடி மட்டும் கருவியிலிருந்து சரியாக வரவில்லை; அதைக் கீத் ஃபோர்ஸி என்ற டிரம் கலைஞர் வேறெதையும் தொடாமல் தனியாக வாசித்துக் கொடுத்தார். எதிர்காலத்தின் ஓசை என்று உலகம் வியந்த பாட்டின் நாடித்துடிப்பு ஒரு மனிதக் காலின் உழைப்பு.

இன்னொரு நுட்பமும் உண்டு. அடித்தள இசையின் ஒவ்வொரு சுரமும் ஒரு பக்க ஒலிபெருக்கியில் ஒலித்து, நொடியின் சிறு பங்கு தாமதித்து மறுபக்கம் திரும்ப ஒலிக்கிறது. இரண்டும் சேரும்போதுதான் அந்த ஓயாத ஓட்டம் கிடைக்கிறது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் போகும் ரயிலில் என் மகளோடு இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தபோது, "என்னப்பா, பாட்டு நொண்டுது?" என்றாள். அவளுக்குக் கிடைத்தது பாதிப் பாட்டு.

இந்த ஓட்டத்தின் மீது டோனா சம்மர் பாடும் விதம் நம் காதுக்கு அந்நியமில்லை என்பது என் எண்ணம். தம்புராவின் சுருதியில் சாய்ந்து குரல் நீண்டு மிதப்பதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, சொற்கள் மிகக் குறைவான இந்தப் பாட்டு சலிக்காது. அச்சொற்களை எழுதப் போன பெல்லாட், டோனா தொலைபேசியில் தம் ஜோதிடரிடம் காதல் விவகாரம் குறித்து ஆலோசனை கேட்டு முடிக்கும்வரை நெடுநேரம் காத்திருந்தாராம். ஜோதிடர் வாக்குக்காகக் காரியம் நிற்பது நம்மூரில் மட்டும் நடப்பதன்று!

முதலில் இசைத்தட்டின் பின்பக்கத்தில் ஒதுக்கப்பட்ட இப்பாடல், பிரிட்டனில் 4 வாரங்கள் முதலிடத்திலும் அமெரிக்காவில் 6-ஆம் இடம்வரையும் சென்றது. அப்போது பெர்லினில் ஆங்கிலப் பாடகர் டேவிட் போவியோடு பணியாற்றிய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ, எதிர்காலத்தின் ஓசையைக் கேட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு இத்தட்டோடு ஓடிவந்ததைப் போவியே பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1979-இல் சிகாகோவின் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோவை வெறுத்தவர்கள் அதன் இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதே சிகாகோவில்தான் அடுத்த சில ஆண்டுகளில் ஹவுஸ் என்னும் மின்னணு நடன இசை பிறந்தது. டெட்ராய்டில் பிறந்த இன்னொரு மின்னணு நடன இசையான டெக்னோவிலும் இந்த அடித்தள ஓட்டத்தின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. 2022-இல் அமெரிக்கப் பாடகி பியான்சே தம் 'ரினைசான்ஸ்' தொகுப்பின் இறுதிப் பாட்டில் இதன் மெட்டையே எடுத்தாண்டார்.

கோலாலம்பூர் கல்யாண விருந்துகளில் பழைய திரைப்பாடல்களின் அடியில் டிஜேக்கள் இழையோட விடும் மின்னணுத் துடிப்பும் சுற்றி வளைத்துப் பார்த்தால் இந்த வம்சந்தான். ஆனால் அவர்கள் அதை நான்கு அடிக்கு ஒருமுறை எதையாவது போட்டு மூடிவிடுகிறார்கள் என்பது என் குறை. புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் 8 நிமிடப் பதிப்பிலிருந்து தொடங்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோவின் இசைத் தயாரிப்பாளர் பேட்ரிக் கௌலி ஏறத்தாழ 16 நிமிடத்துக்கு நீட்டிய பதிப்பைப் பலர் கொண்டாடுவார்கள். அது ஆடுகிறவர்களுக்கு உரியது, உட்கார்ந்து கேட்கிறவர்களுக்குச் சற்று அதிகம்.