900 மி.மீ. குழாயும் அதன் கீழே ஒரு கையெழுத்தும்

மழைநீர் வடிகால் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் பொறியாளர் எதற்குப் பொறுப்பேற்கிறார்? விதிநூல்படி கணக்குப் போட்டாயிற்று என்பதற்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் நிறைய. குழாய் 50 ஆண்டு மண்ணுக்குள் கிடக்கப்போகிறது. கணக்கில் போட்ட மழையோ, என்றோ முடிந்துபோன ஒரு மழைப் பதிவேட்டிலிருந்து எடுத்தது. நடுவில் இருக்கும் அந்த ஆண்டுகளுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கையெழுத்து.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பரப்பு 4 ஹெக்டேர், ஓடுநீர்க் கெழு (பெய்த மழையில் மண்ணுக்குள் போகாமல் ஓடிவரும் பங்கு) 0.7, மழைச்செறிவு மணிக்கு 90 மி.மீ. மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் விநாடிக்கு 0.70 கன மீட்டர். 600-க்கு 1 சரிவில் 900 மி.மீ. கான்கிரீட் குழாய், மேனிங் கெழு (குழாயின் உட்பரப்புச் சொரசொரப்பைக் குறிக்கும் எண்) 0.013 என்று வைத்தால், நிரம்பி ஓடும்போது 0.74 கடத்தும். போதும், கையெழுத்துப் போடலாம்.

காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7% கூடுதல் நீராவியைத் தாங்கும். கொஞ்ச நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழையின் செறிவும் ஏறக்குறைய அந்த அளவில் ஏறும் என்று எடுத்துக்கொள்ளலாம். சில இடங்களில் அதற்கு மேலும் ஏறும். 2 டிகிரிக்குத் தோராயமாக 15%. இப்போது வரும் நீர் 0.805. அதே குழாய் போதாது.

குழாயின் கொள்ளளவு விட்டத்தின் 8/3 அடுக்கில் ஏறுகிறது. 1000 மி.மீ. போட்டால் 0.98 கிடைக்கும், விட்டம் 11% கூடினால் கொள்ளளவு 32% கூடுகிறது. பள்ளம் தோண்டுவது, ஊற்றுநீர் இறைப்பது, சாலையைத் திரும்பப் போடுவது எல்லாம் கிட்டத்தட்ட அதே செலவுதான். இருபது வருடம் கழித்துத் தோண்டி மாற்றுவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

ஆனாலும் உடனே பெரிய குழாய்க்குத் தாவுவது எனக்கு உடன்பாடில்லை. மேலே அகலப்படுத்தினால் கீழே இருப்பவன் வாசலில் வெள்ளம் சீக்கிரம் போய் நிற்கும். சிறு மழையில் பெரிய குழாயின் அடியில் நீர் மெலிந்து ஓடி வண்டலை விட்டுவிட்டுப் போகும். முதலில் ஓடுநீர்க் கெழுவைக் குறைக்கப் பாருங்கள். நீர் புகும் தளம், பள்ளமான புல்வெளி, தேக்கத் தொட்டி என்று ஏதாவது செய்து 0.7-ஐ 0.6 ஆக்கினால், 15% கூடிய மழையிலும் நீர் 0.69 தான். பழைய 900-ஏ தாங்கும்! இதில் ஒரு சிக்கல் உண்டு: நீர் புகும் தளத்தின் துளைகளில் தூசி அடைத்துக்கொள்ளும். அதை உறிஞ்சி எடுக்க ஆளும் கருவியும் இல்லையென்றால், சில ஆண்டுகளில் கெழு பழையபடி ஏறிவிடும். யார் சுத்தம் செய்வார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதும் வடிவமைப்பில் அடக்கம்.

இன்னொரு இடறல், குழாயைக் கணக்கிட எடுக்கும் மழைக்கு வைக்கும் ‘10 ஆண்டு மழை’ என்ற பெயர். பத்து வருடத்துக்கு ஒருமுறைதானே என்று கேட்பவர்கள் காதில் விழுகிறது. ஒவ்வோர் ஆண்டும் 10% வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். 30 ஆண்டில் ஒருமுறையாவது அதைத் தொடும் அல்லது தாண்டும் வாய்ப்பு 96%. குழாய் நிரம்பி வழியத்தான் போகிறது. வழிந்த நீர் எந்தத் தெரு வழியாக எங்கே போகும் என்று தரைமட்டங்களோடு வரைந்து காட்டியாக வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால், நீரைக் கடத்தவேண்டிய தெரு வீட்டு வாசற்படியைவிட உயர்ந்துவிடும். அப்போது வரைபடத்தில் அம்பு காட்டும் திசைக்கு நேர் எதிராகத் தண்ணீர் போகும். ஜெனரேட்டரையும் மின்பலகையையும் நிலவறையில் வைப்பது இதே ரகம். 2011-இல் ஃபுகுஷிமாவில் சுனாமி நீர் புகுந்தபோது அவசர மின்சாரம் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குழாய் ஆற்றில் சேரும் வாயையும் மறந்துவிடுகிறார்கள். ஆறு நிரம்பி வாய் மூழ்கிவிட்டால் அந்த 600-க்கு 1 சரிவுக்கு மதிப்பில்லை. மேல்முனை நீர்மட்டத்துக்கும் ஆற்று மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் நீரைத் தள்ளும். ஆற்று நீர் திரும்பி ஏறாமலிருக்க வாயில் வைக்கும் தடுப்புக் கதவில் ஒரு மரக்கிளை சிக்கினால் ஆறு குழாய் வழியாகவே ஊருக்குள் வரும்.

கான்கிரீட்டைப் பற்றிச் சுருக்கமாக. சிமென்ட்டின் கார்பன் உமிழ்வில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதில்லை, சுண்ணாம்புக்கல் சிதைவதால் வருகிறது. அதனால் சூளையில் எதை எரித்தாலும் அந்தப் பங்கு குறையாது. சிமென்ட்டின் அளவைத்தான் குறைக்க வேண்டும். சிமென்ட்டில் பாதிக்குப் பதில் ஸ்லாக் (இரும்பு உலைக் கசடை அரைத்த தூள்) போடலாம், ஆனால் வலிமை மெதுவாக ஏறும். அடித்தளம் போன்ற அவசரமில்லாத இடங்களில் 28 நாளுக்குப் பதில் 56 நாள் வலிமையைக் கேளுங்கள். ஷட்டரிங் பிரிக்கும் நாளையும் ஈரம் காக்கும் நாளையும் கூட்டி டெண்டரிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் ஒப்பந்ததாரர் 7 நாள் சோதனைக்குப் பயந்து சிமென்ட்டை அள்ளிப்போடுவார், சேமித்தது அங்கேயே போய்விடும்.

வாடிக்கையாளர் வேண்டாம் என்றால்? அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கம் 1996-லேயே நீடித்த வளர்ச்சியைத் தன் நெறிமுறையில் சேர்த்துவிட்டது. ஆனால் கூட்டத்தில் நெறிமுறையைப் படித்துக் காட்டி யாரையும் மாற்ற முடியாது. இரண்டு மாற்றுகளையும் விலையோடு ஒரே தாளில் வையுங்கள்: இந்தக் குழாய், இந்தச் செலவு, 30 ஆண்டில் வழியும் வாய்ப்பு இவ்வளவு, வழிந்தால் நனையும் கட்டடங்கள் இவை. அதற்குப் பிறகும் மலிவானதையே எடுத்தால், அந்த முடிவை எழுத்தில் வாங்கிக் கோப்பில் சேருங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் கோப்போடு நிறுத்த முடியாது. அனுமதி தரும் அலுவலகத்துக்கும் தெரியப்படுத்த வேண்டும்.

வரைபட மூலையில் மூன்று வரி கேட்கிறேன்: மழைப் பதிவேடு எந்த ஆண்டோடு முடிகிறது, அதன்மேல் எத்தனை சதவீதம் கூட்டியிருக்கிறது, வழியும் பாதையின் மட்டம் என்ன. சரிபார்க்க வரும் தாளில் இவை இல்லையென்றால் மற்ற கணக்கைப் பார்க்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன்.