சேர் போட்ட ஜப்பான் படம்

பள்ளிக்கூடப் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தாடா எண்டு செயலாளர் மூண்டு தரம் போன் எடுத்திட்டார். பிக் மேட்ச், கன்ரீன் வடை, ஹொஸ்டல் பேய் எல்லாம் மற்ற ஆக்கள் எழுதி முடிச்சிட்டினம், அதால நான் செட்சுகோ ஹரா எண்ட ஒரு ஜப்பான் நடிகையைப் பற்றி எழுதுறன், சிரிக்காதேங்கோ.

1986ல ஏ.எல். (உயர்தரம்) படிக்கேக்க எங்கட இங்கிலீஷ் சேர் ஒரு சனிக்கிழமை டெக், டிவி, ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்குப் பிடிச்சு லாப்பில 'டோக்கியோ ஸ்டோரி' போட்டவர், யசுஜிரோ ஓசு 1953ல எடுத்த படம். சண்டை இருக்கும் எண்டு நம்பி வந்த பாதிப் பெடியள் அரை மணித்தியாலத்தில மாறிட்டாங்கள். ஒனோமிச்சி எண்ட ஊரில இருந்து தாய் தேப்பன் பிள்ளையளைப் பாக்க டோக்கியோ வருகினம், பிள்ளையளுக்கு நேரமில்லை, போரில செத்த மகன்ர பெஞ்சாதி நொரிகோதான் லீவு போட்டு அதுகளை பஸ்ஸில ஏத்தி ஊர் காட்டுறா. அந்த நொரிகோவா நடிச்சவதான் செட்சுகோ ஹரா. கடைசியில மச்சாள்காரி வாழ்க்கை ஏமாற்றமா இருக்கு என்ன எண்டு கேக்க, உவ சிரிச்சுக்கொண்டு ஓமெண்டுறா. அதுக்கு ஏன் சேர் சிரிக்கிறா எண்டு கேட்டன், மனுசன் ஒண்டும் சொல்லாமல் வயர் சுத்திக்கொண்டு நிண்டவர்.

பேந்து எந்தப் பாடம் எடுத்தாலும் அவவின்ர கதை வந்திடும். 1920ல யொகோஹாமாவில பிறந்தவ, சொந்தப் பேர் மசாயே ஐடா, வீட்டுக் கஷ்டத்தில படிப்பை விட்டிட்டு டைரக்டரா இருந்த அத்தான்ர சொல்லில 15 வயசில நடிக்க வந்தவ. 1937ல ஜெர்மன் டைரக்டர் ஆர்னல்ட் ஃபாங்கின்ர படம், அதோட ஜெர்மனிப் பயணம், போர்க்காலத்தில பிரச்சாரப் படங்கள். போர் முடிஞ்ச உடன 1946ல டைரக்டர் குரோசாவாவின்ர படத்தில அரசாங்கத்தை எதிர்த்துச் செத்தவன்ர மனுசியா வயல் சேத்துக்க நிக்கிறா. ரெண்டு காலத்துக்கும் ஒரே முகத்தை நம்பின சனத்தை நினைச்சா எனக்கு இப்பவும் ஒரு மாதிரித்தான்.

ஓசுவோட மொத்தம் 6 படம். 1949ல 'லேட் ஸ்பிரிங்'கில அப்பாவைத் தனிய விட்டிட்டுக் கலியாணம் கட்ட மனமில்லாத மகள், 1960ல 'லேட் ஓட்டம்' (Late Autumn) படத்தில மகளைக் கட்டிக் குடுக்கிற தாய். நிஜத்தில அவ கடைசிவரைக்கும் கட்டேல்லை. கமராமேனா இருந்த அண்ணன் 1953ல ஷூட்டிங்கில ரயில் அடிச்சுச் செத்ததும் அவவுக்கு முன்னாலதான்.

1962க்குப் பிறகு படமில்லை. 1963 டிசம்பர் 12, தன்ர 60வது பிறந்தநாளண்டே ஓசு செத்தார், அவ கமகுரா எண்ட ஊரில போய் ஒதுங்கினவ ஒதுங்கினவதான், பொதுவில முகம் காட்டேல்லை. 2015 செப்டம்பர் 5ல 95 வயசில செத்தது கூட நவம்பர் கடைசியிலதான் வெளியில வந்தது.

நியூஸ் பாத்த அண்டிரவே டொரோண்டோவில இருந்து வவுனியாவுக்கு சேருக்குப் போன் எடுத்தன், காது சரியாக் கேக்காது, கத்தித்தான் சொன்னன். கசற் இருக்கே சேர் எண்டதுக்கு 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில வீட்டோட போட்டுதெண்டார். பிறகு, "கொம்மா ஒருக்காலாவது உன்னட்டக் கனடாவுக்கு வந்தவவோ?" எண்டு கேட்டார். வந்தவ, அந்த ஆறு மாசமும் நான் ரெண்டு வேலை, அவ அபார்ட்மென்ட் யன்னலுக்குள்ளால கார் எண்ணிக்கொண்டு இருந்தவ.

"ஓம் சேர், வந்தவ" எண்டன்.