குத்துக்கரணம் வந்தது, சுற்று வரவில்லை

வீடியோவைக் காட்டியதும் அம்மா முதலில் கேட்டது, "இது ஆர்?" என்றுதான். நான்தான் என்றேன். திரும்ப ஒருக்கால் போடச் சொன்னா. தலைக்கவசமும் பெரிய கண்ணாடியும் போட்டதில் முகம் தெரியாது. வெள்ளைப் பனிமேட்டிலிருந்து, காலில் ஸ்கீ என்கிற சறுக்குப்பலகை பூட்டின ஒரு உருவம் எழும்பிப் பின்பக்கமாக ஒரு முழுக் குத்துக்கரணம் போட்டு, அங்கால் சரிவில் இறங்கி, கையை இரண்டு தரம் காற்றில் துழாவிவிட்டுப் போகிறது. எடுத்தது என் மகன். கடைசிப் பாதி முழுக்க அவனுடைய பெருவிரல்.

"உனக்கென்ன விசரே? நாப்பது ஆகப்போகுது." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரேகாவுக்குக் காசு கட்டினனியே?"

ரேகா யாரோ பெண்பிள்ளை இல்லை. சுவிஸ் மலைகளில் காலை முறித்துக்கொண்டவர்களைத் தூக்கிவருகிற சிவப்பு ஹெலிகொப்டர்காரர். கட்டியிருக்கிறேன். அம்மாதான் ஒவ்வொரு வருஷமும் ஞாபகப்படுத்துவா.

நான் ஆறு வயதில் இங்கே வந்தவள். பள்ளிக்கூடத்து ஸ்கீலாகரில், அதுதான் வகுப்போடு ஒரு கிழமை மலைக்குப் போய்ச் சறுக்கப் பழகுவது, இரவல் சப்பாத்தோடு சறுக்கத் தொடங்கினேன். ஒழுங்காகச் சறுக்குவேன், அவ்வளவுதான். பாய்கிற ஆசை வந்தது போன வருஷத்துக்கு முதல் வருஷம். மகனை ட்ராம்போலின், அதுதான் இழுத்துக் கட்டின துணியில் துள்ளிப் பாய்கிற வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒன்றரை மணித்தியாலம் வாங்கில் குந்தியிருந்து கைபேசியைத் தேய்த்து அலுத்துப்போய், பெரியவர்களுக்கும் வகுப்பு உண்டா என்று கேட்டேன். புதன்கிழமை இரவில் உண்டு. முதியோர் இல்லத்து வேலை முடிந்து நேரே போகலாம்.

அந்த மண்டபத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சொல். நுரைப்பஞ்சுத் துண்டுகளால் நிரப்பிய பெரிய குழிக்கு இங்கே "ஷ்னிட்செல்குரூபே" என்று பெயர். ஷ்னிட்செல் என்றால் சீவல், துண்டு; பொரித்த இறைச்சிக்கும் அதே பெயர்தான். முதல் நாள் அதற்குள் தலைகீழாக விழுந்து, வெளியே வர ஐந்து நிமிடம் நீந்தினேன். மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

மூன்று மாதத்தில் பின்பக்கக் குத்துக்கரணம் வந்தது. 360 பாகைச் சுற்று, அதாவது நின்ற வாக்கில் ஒரு முழு வட்டம், இரண்டாவது வகுப்பிலேயே வந்துவிட்டது. ஆகவே பனியில் முதலில் 360, அது பழகினபின் குத்துக்கரணம் என்று திட்டம் போட்டேன். யாரைக் கேட்டாலும் அந்த ஒழுங்கைத்தான் சொல்வார்கள். எனக்கு அது தலைகீழாக நடந்தது.

முதல் 360-ஐ ஜனவரியில், பாய்வதற்கென்று பனியால் கட்டிய ஒரு சின்ன மேட்டில் முயன்றேன். முக்கால் சுற்று வந்தது. ஸ்கீ இரண்டும் சரிவுக்குக் குறுக்கே நிற்க இறங்கினேன். விளிம்பு பனியைக் கவ்வியது, அடுத்த நொடி இடுப்பில் கிடந்தேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்குப் பிறகு இடது இடுப்பு நாவல்பழ நிறத்தில் இருந்தது. வேலையில் ஒரு பாட்டி, "உனக்கு என்னைவிட மோசமான நடை" என்றார்.

மண்டபத்தில் நூறு தரம் செய்த ஒன்று ஏன் வரவில்லை? முதலில் பழியைப் பாரத்தின் மேல் போட்டேன். அதில் உண்மை இல்லாமல் இல்லை. என் ஸ்கீ 163 சென்ரிமீட்டர். சப்பாத்தும் கட்டும் சேர்ந்தால் ஒரு காலுக்கு நாலு கிலோவுக்கு மேல். நீளமான ஒன்றைச் சுழற்றுவது கடினம்; கைகளை ஒடுக்கி நிமிர்ந்து சுற்றுகிற என்னைப்போல ஒரு உடம்போடு ஒப்பிட்டால், காலில் பூட்டிய இந்த இரண்டு பலகைகளும் சுழலவிடாமல் இழுக்கிற இழுவையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்குகின்றன. அதோடு வெறுங்காலில் நான் சுற்றைத் தொடங்கியது பாதத்தால் தள்ளித்தான். பனியில் மேட்டு நுனியை விடும்வரை ஸ்கீ நேராக ஓடவேண்டும். பாதத்தை முறுக்கினால் அங்கேயே வழுக்கிப்போகும். தோளை முதலில் எதிர்ப்பக்கம் திருப்பி வைத்து, நுனியை விடுகிற கணத்தில் அவிழ்க்க வேண்டும்.

ஆனால் உண்மையான காரணத்தைக் கண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோபாவில், ஐஸ் பொட்டலத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பழைய மண்டப வீடியோக்களைப் பார்த்தபோது. மெதுவாக ஓடவிட்டேன். நான் ஒருநாளும் 360 செய்ததில்லை! எல்லாமே முந்நூறு, முந்நூற்றிப்பத்து. வெறும் பாதத்துக்கு விளிம்பு கிடையாது. குறையாய் இறங்கினாலும் மிச்சத்தைத் துணியே திருப்பிக் கொடுத்துவிடும், நானும் "வந்துட்டுது" என்று கையைத் தூக்குவேன். ஒரு வருஷமாக என்னை ட்ராம்போலின் இப்படிச் செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கிறது.

குத்துக்கரணத்தின் கதை வேறு. அதை விளங்கப்படுத்தியது எங்கள் பயிற்சியாளர் பொடியன். இருபத்திரண்டு வயதிருக்கும். எனக்கு அவன் "டூ", அதாவது நீ, போட்டுக் கதைப்பான், நானும் போடுவேன். வீட்டில் என்றால் அக்கா என்று கூப்பிட வைத்திருப்பேன். ஒரு ரசீதின் பின்பக்கத்தில் படம் கீறினான். ட்ராம்போலினில் தட்டையான இடத்திலிருந்து கிளம்பித் தட்டையான இடத்தில் இறங்குகிறாய், ஆகவே முழு 360 வேண்டும். மேட்டில் அப்படியில்லை. நுனியை விடும்போதே ஸ்கீயின் மூக்கு மேல்நோக்கி இருக்கிறது, 28 பாகை என்று வை. இறங்குகிற சரிவில் மூக்கு கீழ்நோக்கி இருக்கவேண்டும், 25 என்று வை. பின்பக்கமாய்ப் புரளுகிறவளுக்கு இந்த இரண்டும் இலவசம். 360-இலிருந்து 53-ஐக் கழி. 307 பாகை புரண்டால் போதும்.

"முன்பக்கமாய்ப் புரண்டால்?" என்று கேட்டேன்.

"அதே 53-ஐக் கூட்டு. 413."

முன்பக்கக் குத்துக்கரணத்தை அன்றைக்கே மறந்துவிட்டேன்.

இதில் இன்னொரு இலவசமும் உண்டு. வளைந்த மேட்டில் ஏறும்போது, அந்த வளைவே உடம்பைப் பின்னுக்குப் புரட்டத் தொடங்கிவிடும். ஆகவே மண்டபத்தில் செய்தமாதிரிக் கையை வீசி, இடுப்பைத் தள்ளி, முழுப் பலத்தோடு போட்டால் அளவுக்கு மீறிப் புரள்வாய் என்று அவன் சொன்னான். நான் தலையாட்டினேன். பெப்ரவரியில் காற்றுமெத்தையின் மேல் முழுப் பலத்தோடு போட்டேன். கால் வந்து பட்டு, அதையும் தாண்டிப் புரண்டு, முதுகு படாரென்று அடித்தது. மெத்தை என்பதால் மூச்சு மட்டும்தான் போனது, அதுவும் கொஞ்ச நேரம். ஐந்து தரம் அப்படி. கேட்டு விளங்கின ஒன்றைக் கை கேட்பதேயில்லை. நுனிக்குக் கிட்ட வரும்போது கீழிருந்து அவன் "வார்ட் நோ! வார்ட் நோ!" என்று கத்துவான். பொறு, இன்னும் பொறு. நல்ல சுவிஸ் ஜெர்மன். அடுப்படியில் பால் பொங்கும்போது நானே இப்போது சொல்கிறேன்.

பொறு என்றவன், இன்னொரு இடத்தில் "பிந்துகிறாய்" என்றும் சொன்னான். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று சண்டை பிடித்தேன். முரண் இல்லை. புரள்வதற்குப் பொறுக்கவேண்டும், காலால் உதைப்பதற்குப் பொறுக்கக்கூடாது. ட்ராம்போலின் துணி கீழே போய்த் திரும்பி வரும்வரை காத்திருந்து உதைக்கப் பழகிய கால் என்னுடையது. பனி மேடு கீழே போவதில்லை. மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 8 மீட்டர் ஓடுகிறேன். பத்தில் ஒரு நொடி பிந்தினால் 80 சென்ரிமீட்டர் கடந்துவிடும். நான் உதைத்தபோது கீழே மேடே இல்லை. வெறுங்காற்றை உதைத்திருக்கிறேன்.

நேரமும் குறைவு. மண்டபத்தில் காற்றில் நிற்பது 1.1 நொடி, ஆறு மீட்டர் தூரம் பாய்கிற மேட்டில் 0.9. சின்ன வித்தியாசமாய்த்தான் படும். தலைகீழாய் இருக்கும்போது அப்படிப் படாது.

இதெல்லாம் பெரிய ஆட்களுக்குப் பழைய சங்கதி. 1952-இல் ஒஸ்லோவில் ஜயன்ட் சலோம் என்ற ஸ்கீ ஓட்டப்போட்டியில் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஸ்டெய்ன் எரிக்சன் ஸ்கீயோடு குத்துக்கரணம் அடித்துக் காட்டியவர். அவருடைய அப்பா 1912 ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவர். 2017-இல் நாலு தரம் தலைகீழாகி ஐந்து சுற்றுச் சுற்றிய அன்ட்ரி ராகெட்லி எங்கள் பக்கத்துப் பொடியன், ஃப்ளிம்ஸ்காரர். மண்டபத்துக்குள் பந்து, வளையம், ட்ராம்போலின் என்று தாவித் திரிகிற அவருடைய வீடியோக்களை என் மகன் சாப்பிடும்போதும் பார்ப்பான். கோடையில் மெட்மென்ஸ்டெட்டனுக்குப் போகவேண்டும் என்று வேறு நச்சரிக்கிறான். அங்கே செயற்கைப் பாதையில் சறுக்கிவந்து, ஸ்கீயோடு குளத்துக்குள் பாய்வார்கள். நான் இன்னும் ஓம் சொல்லவில்லை.

சரி, அந்த மார்ச் சனிக்கிழமை. கேபிள் காரில் க்ராப் சோன் ஜியோன் மலைக்குப் போனோம், 2,228 மீட்டர். க்ராப் என்றால் இந்தப் பக்கத்து ரொமான்ஷ் மொழியில் பாறை. காலையில் பனி இறுகிக் கண்ணாடிமாதிரி இருந்தது; மேட்டுப் பக்கமே போகவில்லை. பின்னேரம் இரண்டு மணிக்கு வெயிலில் இளகி "சூல்ட்ஸ்" ஆனது. சீனிபோட்டு அரைத்த ஐஸ்மாதிரி. விழுந்தால் இடுப்பு நன்றி சொல்லும். ஆனால் இளகின பனி வேகத்தைத் தின்னும், காலையில் எடுத்த ஓட்டத்தூரம் பின்னேரம் காணாது. பாயாமல் மேட்டுக்குப் பக்கத்தால் இரண்டு தரம் ஓடிப் பார்த்தேன். பிறகு என் பருமனில் ஒருத்தி எங்கிருந்து தொடங்குகிறாள் என்று பார்த்து, அவளைவிட மூன்று அடி மேலே போய் நின்றேன். இரண்டு தரம் நேராகப் பாய்ந்தேன். இறங்கும்போது முழங்கால் கீழெலும்பு சப்பாத்தின் முன்நாக்கில் அழுந்துகிறதா என்று மட்டும் கவனித்தேன்.

மூன்றாவது தரம் கையைத் தூக்கி "ட்ராப்!", அதாவது பாயப்போகிறேன், என்று கத்தினேன். குரல் கீச்சிட்டது. மேட்டில் ஏறும்போது தலைக்குள் வார்ட் நோ, வார்ட் நோ. வானம், பிறகு எதிர்மலை தலைகீழாக, பிறகு சரிவு. அந்தச் சரிவைக் கண்ட கணம் மட்டும் மண்டபத்திலிருந்து அப்படியே வந்தது, ஒரு குறையும் இல்லாமல். எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. முழங்காலை விரித்தேன், ஸ்கீ தொட்டது.

அதே துணிச்சலில் ஒரு 360-ம் போட்டேன். 270. இடது இடுப்பு.

இப்போது ஏப்ரல். ஸ்கீக்கு மெழுகு பூசி நிலவறையில் வைத்தாயிற்று. மண்டபத்தில் கட்டையான பயிற்சி ஸ்கீ இருக்கிறது, அடிப்பக்கம் மெத்தென்று இருக்கும், ட்ராம்போலின் துணி கிழியாது. போன புதன் அதைப் பூட்டிக்கொண்டு, துணியின் நடுவில் இருக்கிற சிலுவைக் கோட்டுக்கு நேராக இறங்கவேண்டும் என்று எனக்கு நானே சட்டம் போட்டேன். இருபது தரம் சுற்றினேன். கோட்டில் இறங்கியது நாலு. மகன் வாங்கில் குந்தியிருந்து எண்ணினான், பெருவிரல் இல்லாமல் படமும் எடுத்தான்.