போர் எத்தனை அடி?

எம்.ஏ. வரலாறு கடைசி செமஸ்டருக்கு நான் பெருமையாக எடுத்த ஆய்வுத் தலைப்பு 'போரும் சமூகமும்: இரண்டாம் உலகப் போர்க்காலச் சேலம்'. கைடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சேலத்துல எங்கம்மா சண்டை நடந்துச்சு?" என்றார். நடக்கல சார், அதுதான் விஷயமே என்றேன். 1942-ல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது, அப்புறம் ரேஷன், தறிக்கு நூல் தட்டுப்பாடு, குண்டே விழாத ஊரிலும் போர் அடுப்படி வரை வந்திருக்கிறது என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். சரி, அந்தக் காலத்து ஆள் ஒருத்தரிடமாவது நேரில் பேசிவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்.

இதை நான் அம்மாவிடம் சொன்னதுதான் தப்பு. அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம், "எம்பொண்ணு போரைப் பத்தி ஆராய்ச்சி பண்றா, வெவரம் தெரிஞ்ச பெரியவங்க யாராச்சும் இருந்தா சொல்லு" என்றிருக்கிறார். அயோத்தியாப்பட்டணம் பக்கம் அக்காவின் அம்மா ஊரில் ஒரு தாத்தா, வயசு தொண்ணூறு, போர் விஷயத்தில் அவரைக் கேட்காமல் அந்த ஊரில் யாரும் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார்களாம். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் பிடித்துப் போனேன். புளியமரத்தடியில் கயிற்றுக் கட்டில், தாத்தா, வேடிக்கை பார்க்க நாலு பேர். போனில் ரெக்கார்டரைப் போட்டேன்.

"பழைய போரா பாப்பா, புதுசா?"

"பழசுதாங்க தாத்தா. 1939."

தாத்தா விரல் விட்டு எண்ணினார். "அப்பல்லாம் கெணறுதானே இருந்துச்சு, போரு எங்க இருந்துச்சு?"

"உலகம் பூராவும் இருந்துச்சுங்க தாத்தா."

பேச்சு எங்கேயோ இடிக்கிறது என்று தெரிந்தது, ஆனால் வயசானவர், காது மந்தம் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். பேச்சை மாற்ற, சினிமாவுக்கே ஒரு சாப்டர் வைத்திருக்கிறேன் என்று ஆரம்பித்தேன். ஏற்காடு ரோட்டில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் 1945-ல் 'பர்மா ராணி' என்று யுத்தப் படமே எடுத்தது, பிலிம் தட்டுப்பாட்டால் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அப்போது கட்டுப்பாடு, அதாவது சுமார் இரண்டு மணி நேரம். இதையெல்லாம் சொல்ல வாயெடுப்பதற்குள் தாத்தா கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும், எத்தனை அடி?"

ஆகா, சினிமா தெரிந்த மனுஷன் என்று குளிர்ந்துபோய், "பதினோராயிரம் அடிங்க தாத்தா" என்றேன்.

புளியமரத்தடி அப்படியே அமைதியானது. மோர் கொண்டுவந்த அம்மா சொம்போடு நின்றுவிட்டார். "பதினோராயிரமா? திருச்செங்கோட்டு ரிக் வண்டி மொத்தமும் வந்தாலும் ஆவாது பாப்பா. அடிக்கு இவ்வளவுன்னு கணக்குப் போட்டு வீட்டையே எழுதி வாங்கிருவான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தாத்தா நீரோட்டம் பார்ப்பவர். அதற்குள் ரெக்கார்டரில் பாறை, ஈர மண், கேசிங் பைப் என்று இருபது நிமிஷம் ஓடிவிட்டது. நடுவில் ஒருவர் என்னிடம் மானியம் எப்போ வரும் என்று வேறு கேட்டிருந்தார்.

"தாத்தா, இது சண்டைங்க! ஹிட்லர், ஜப்பான்காரன்..."

"அட, சண்டைக் காலமா! இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றவர் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு கயிற்றை உருவினார். அதன் நுனியில் ஓட்டைக் காலணா. ரூபாய்க்கு 64. செம்புக்குத் தட்டுப்பாடு என்று 1943-ல் நடுவில் பெரிய ஓட்டை வைத்து அடித்த காசு; நான் அதைப் புத்தகத்தில் படமாகத்தான் பார்த்திருந்தேன். இவர் அப்பாவுக்கு அந்தக் காசில்தான் கூலி வருமாம், தொலையாமல் இருக்க அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டு வருவாராம். அப்பா போனபிறகு மிஞ்சிய ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு அறுபது வருஷமாகத் தண்ணீர் தேடுகிறார். விளிம்பெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. வருஷத்தில் கடைசி எண் மட்டும் நாலா ஏழா என்று தெரியவில்லை. 1947 வரைக்கும் அடித்திருக்கிறார்கள், ஏழு என்றால் என் சாப்டருக்கு ஆகாது. நான் நாலு என்றே எடுத்துக்கொண்டேன், கைடு இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

போட்டோ எடுக்கக் காசைக் கேட்டால் கையில் தரமாட்டேன் என்றார், வேண்டுமானால் வேலை செய்வதைக் காட்டுகிறேன் என்று எழுந்தார். காசு என் பைக்கு மேலே வந்ததும் விறுவிறுவென்று சுற்றியது. கூட்டம் வாயைப் பிளந்தது. பைக்குள் ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில் இருந்ததை நான் சொல்லவில்லை.

ஆய்வேட்டில் அவர் பேட்டி ஒன்றரைப் பக்கம் வந்திருக்கிறது. மீதி ரெக்கார்டிங்கை அப்பா மூன்று நாளாக நோட்டும் பேனாவுமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டு போர் போன மாசம்தான் வற்றியது.