மகனுக்கு ஸ்பான்சர் கிடைத்தது, எட்டு மாதம் அலைந்த பிறகு

போன வாரம்தான் கையெழுத்தானது. பையனுக்கு 12 வயது, கோயம்புத்தூரில் இருக்கிறோம், சூப்பர்கிராஸில் (மேடு பள்ளமான மண் தடத்தில் தாவித் தாவி ஓட்டும் பைக் பந்தயம்) சின்னப் பசங்க பிரிவில் கவாஸாகி கேஎக்ஸ் 65 பைக் ஓட்டுகிறான். செலவைப் பற்றி இந்த விளையாட்டில் இருக்கிற வீடுகளுக்குச் சொல்லத் தேவையில்லை. பைக் வாங்குவது ஒரு தடவைதான்; டயர், பிஸ்டன், புனேவுக்கும் நாசிக்குக்கும் பிக்கப்பில் ஏற்றிப் போகிற டீசல் எல்லாம் ஓயவே ஓயாது. போன வருஷம் வாங்கிய பூட்ஸ் இந்த வருஷம் காலில் ஏறவில்லை.

முதல் ஆறு மாதம் வீணாகப் போனதற்குக் காரணம், நான் போன இடமே தப்பு. பெரிய கம்பெனிகளில் சிஎஸ்ஆர் பணம், அதாவது சமூக நலனுக்கென்று ஒதுக்கும் பணம், இருக்கிறது, விளையாட்டுக்கும் தருவார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதை நம்பி, பையனை ஸ்கூலுக்கு லீவு போடவைத்து, சேரன் எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்குப் போனோம். பத்து மணிக்கு வரச் சொன்னவர்கள் மூன்றரைக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். அந்த அதிகாரி நான் கொண்டுபோன ஃபைலின் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினார். 'ஜெர்ஸியிலும் பைக்கிலும் உங்கள் லோகோ' என்று அங்கே எழுதியிருந்தேன். “லோகோ போட்டு விளம்பரம் கிடைச்சா அது சிஎஸ்ஆர்ல வராதுங்க, விதியிலேயே இருக்கு. தனி ஆளுக்கு நேரா கொடுக்கவும் முடியாது, பதிவு பண்ணின அமைப்பு வழியாத்தான்” என்றார். சரி, மார்க்கெட்டிங்கில் யாரையாவது பார்க்கலாமா என்றால், அந்த ஆள் அன்றைக்கு லீவு. லோகோ விஷயத்தில் விதி அவர் சொன்னபடிதான் இருக்கிறது. ஆனால் நான் மூன்று தடவை போன் செய்தபோது ஒருவராவது இதைச் சொல்லியிருக்கலாம். ரயிலில் திரும்பும்போது பையன் ஒன்றுமே கேட்கவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தயவுசெய்து லோகோ, விளம்பரம் என்று பேசுவதாக இருந்தால் நேராக மார்க்கெட்டிங் ஆளைப் பிடியுங்கள். இன்னும் நல்லது, முதலாளியே கடையில் உட்கார்ந்திருக்கும் உள்ளூர்த் தொழில்கள். ஜெர்ஸிக்குப் பிரிண்ட் போட்டுத் தரும் திருப்பூர்க்காரர்தான் எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டார். “நெஞ்சுல லோகோ வெச்சா செஸ்ட் புரொடெக்டர் மறைச்சிடுமுங்க, கைப்பக்கம் வைங்க” என்றார். வீட்டுக்கு வந்து பழைய போட்டோக்களைப் பார்த்தேன். உண்மைதான். பைக்கின் பக்கவாட்டு ஸ்டிக்கர்கள் முதல் இரண்டு லேப்பிலேயே சேறாகிவிடுகின்றன, தோளும் ஹெல்மெட்டும்தான் கடைசிவரை தெரிகின்றன. 'என் மகனுக்கு உதவுங்கள்' என்று இருந்த பக்கங்களைத் தூக்கிவிட்டு, எந்த இடம் எவ்வளவு தெரியும் என்று அந்தப் போட்டோக்களையே வைத்தேன்.

அதை எடுத்துக்கொண்டு போன நான்காவது இடம் ஒரு பம்ப்செட் டீலர். ரோட்டில் வீலிங் செய்கிற பசங்க கூட்டம் என்றுதான் அவரும் நினைத்திருந்தார். ஷொர்ணூர்ப் பையன் ஹரித் நோவா, பாலைவனத்தில் நாள்கணக்கில் ஓட்டும் டக்கார் ராலியில் 2024-ல் மொத்தத்தில் 11-வதாக வந்து ராலி 2 பிரிவில் ஜெயித்ததைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார், பாலக்காடு தாண்டினால் இருக்கிற ஊர் இல்லையா. பையனின் நடப்பு வருஷப் போட்டி லைசென்ஸ் காப்பியைக் கேட்டார், கையில் இருந்தது.

பிறகும் ஒரு தடங்கல். ஒப்பந்தத்தைப் பையன் பெயரில் அடித்துவிட்டார்கள். மைனர் போடும் ஒப்பந்தம் செல்லாது, கார்டியனாக நான்தான் போடவேண்டும் என்று ஆடிட்டர் திருப்பி அனுப்பினார். இரண்டு வாரம் போனது, போட்டியில் ஒரு ரவுண்டும் போனது. ஒப்பந்தத்தை முதலிலேயே உங்கள் பெயரில் கேட்டு வாங்குங்கள். பான் கார்டு மைனருக்கும் எடுக்கலாம், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணமாக இல்லாமல் டயர், ஆயில் என்று பொருளாகத் தந்தாலும் வருஷத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத வரிப் பிடித்தம் வரலாம், அதையும் பேசி முடித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

முதல் தவணை வந்ததும் பூட்ஸ் வாங்கப் போனோம். பையன் இரண்டு சைஸ் பெரிதாகக் கேட்டான், “அடுத்த வருஷமும் ஆகும்ப்பா” என்றான். வேண்டாம் என்று சொல்லி, காலுக்குச் சரியானதையே வாங்கிக் கொடுத்தேன்.