திருத்தாமல் வாசிப்பது

புரூஃப் பார்ப்பது என் வேலை, பத்தொன்பது வருடமாக. ஒற்று மிகுமா மிகாதா என்று குனிந்து பார்த்தே கழுத்து முன்னால் வந்துவிட்டது. இடுப்பு வலி ஆறு வருடத்துக்கு முன் தொடங்கியது. முதலில் உட்கார்ந்து எழும்போது மட்டும் இருந்தது. அப்புறம் உட்கார்ந்திருக்கும்போதும். அப்புறம் படுத்தாலும்.

ஸ்கேன் எடுத்தார்கள். கீழ்முதுகில் ஒரு டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டு, பிதுங்கியிருக்கிறது என்று அறிக்கை வந்தது. தொழில் புத்தி போகுமா? அதை வரி வரியாகச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டுப் படித்தேன். அதன் பிறகு இரண்டு வருடம் குனியவே பயம். கீழே விழுந்த பேனாவை எடுத்துத் தர மகன் பள்ளியிலிருந்து வரட்டும் என்று காத்திருந்த நாட்கள் உண்டு.

அந்தப் பயத்தைக் கொஞ்சம் உடைத்தவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் இந்தப் பிதுக்கம் தெரியுமாம். இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு, எண்பது வயதில் 84 சதவீதம் பேருக்கு. 2015-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின் கணக்கு அது. “அப்போ என் வலி பொய்யா?” என்று கோபமாகக் கேட்டேன். “வலி நிஜம். ஆனா இந்தப் படத்தை மட்டும் வச்சு அதை விளக்க முடியாது” என்றார். வலி மாதக்கணக்கில் நீடித்தால் தண்டுவடமும் மூளையும் அதற்குப் பழகிக் கூர்மையாகிவிடுகின்றன, சின்னத் தூண்டலையும் பெரிதாக எடுத்துக்கொள்கின்றன, தூக்கம் கெட்டாலோ மன அழுத்தம் கூடினாலோ இது இன்னும் மோசமாகும் என்றும் சொன்னார். கெடு நெருங்கும் வாரங்களில் வலி ஏன் ஏறுகிறது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. மூன்று மாதத்தைத் தாண்டினாலே நாள்பட்ட வலி என்று பெயராம். நான் அந்த எல்லையை எப்போதோ கடந்திருந்தேன்.

அவர் சொல்லித்தான் எட்டு வார மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னெஸ்) ஒன்றில் இணையவழியில் சேர்ந்தேன். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய முறை. சிகிச்சையெல்லாம் பார்த்தும் வலி தீராதவர்கள் அந்த வகுப்புக்கு வந்தார்கள் என்று கேட்டபோது, சரி, நம்ம ஆட்கள்தான் என்று தோன்றியது. வாரம் ஒரு வகுப்பு, இரண்டரை மணி நேரம். அதுபோக வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம்.

முதல் பயிற்சியின் பெயர் பாடி ஸ்கேன். கேட்டதுமே பிடிக்கவில்லை, இன்னொரு அறிக்கை வரப்போகிறது என்பது போல. மல்லாந்து படுத்து, இடது கால் விரல்களில் தொடங்கி உச்சந்தலை வரை ஒவ்வொரு இடமாகக் கவனத்தை நகர்த்த வேண்டும். முதல் வாரம் ஒலிப்பதிவில் பேசியவரின் குரல் எரிச்சலூட்டியது. இரண்டாம் வாரம் முழங்காலைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன், ஒரு நாள் தவறாமல். வீட்டுக்காரர், “இதுக்கா பணம் கட்டுனே?” என்றார்.

நிஜமான சிக்கல் மூன்றாம் வாரம் வந்தது. வலிக்கிற இடத்துக்குப் போ, அங்கே என்ன இருக்கிறதோ பார், மாற்றாதே என்கிறார்கள். கண்ணில் பட்ட பிழையைக் குறிக்காமல் அடுத்த வரிக்குப் போகச் சொன்னால் எனக்குக் கை நடுங்கும். இடுப்பை அடைந்ததும் அதேதான் நடந்தது. கொஞ்சம் நகர்ந்து படு, மூச்சை இழு, தசையைத் தளர்த்து என்று உள்ளே ஒருத்தி ஓயாமல் திருத்திக்கொண்டே இருந்தாள். பயிற்றுநரிடம் சொன்னேன். “அவளையும் வாசியுங்கள்” என்றார்.

அப்படி வாசித்துக் கிடந்த ஒரு சாயங்காலம் ஒன்று தெரிந்தது. வலி இருந்த இடம் உள்ளங்கை அளவுதான். அதைச் சுற்றித்தான் பெரிய காவல் படை. வயிறு இறுக்கி வைத்திருக்கிறது, தாடை கடித்திருக்கிறது, கால் விரல்கள் சுருண்டிருக்கின்றன, மூச்சு பாதியில் நிற்கிறது. ஆறு வருடமாக மொத்தத்துக்கும் ‘வலி’ என்று ஒரே சொல்லை எழுதி வைத்திருந்தேன். உள்ளங்கை அளவிலும் அது ஒரே மாதிரி இல்லை. எரிச்சல், அப்புறம் ஓர் இழுப்பு, அப்புறம் துடிப்பு, நடுவில் சில விநாடி ஒன்றுமே இல்லை. அந்தச் சில விநாடிகளை அதற்குமுன் நான் பார்த்ததே கிடையாது.

வலி போய்விட்டதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போகவில்லை. பத்துக்கு ஏழு என்று எழுதிக்கொண்டிருந்த குறிப்பேட்டில் இப்போது பெரும்பாலும் ஐந்து என்று எழுதுகிறேன். பேனாவை நானே எடுக்கிறேன். 2016-இல் 342 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், இந்தப் பயிற்சி எடுத்த முதுகுவலிக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் அன்றாட இயக்கம் குறிப்பிடத்தக்க அளவு தேறியது. வழக்கமான சிகிச்சையோடு மட்டும் இருந்தவர்களில் 44 சதவீதம். எண்ணங்களைக் கையாளப் பழக்கும் உளவியல் சிகிச்சையும் ஏறக்குறைய இதே பலனைத் தந்தது. இதையே அற்புதம் என்று விற்பவர்களைக் கண்டால் எனக்குச் சிவப்புப் பேனா தேடுகிறது. “எல்லாம் மனசுதான்” என்று தோளைத் தட்டுகிறவர்களைக் கண்டாலும்தான்.

கால் மரத்துப்போவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, காய்ச்சலோடு முதுகுவலி என்றெல்லாம் இருந்தால் கண்ணை மூடி உட்காரக் கூடாது, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். பழைய அதிர்ச்சி எதுவும் உள்ளவர்களுக்கு உடலையே கவனித்துக்கொண்டிருப்பது பதற்றத்தைக் கூட்டலாம். எங்கள் வகுப்பில் ஒருவர் அதனால் பாதியில் நிறுத்தினார். நிறுத்தியது சரிதான் என்று பயிற்றுநரும் சொன்னார்.

முக்கால் மணி நேரம் இப்போது எனக்குக் கிடைப்பதில்லை. ஒரு ஃபாரம், அதாவது பதினாறு பக்கம், முடிந்ததும் எழுந்து நிற்கிறேன். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்து ஐந்தாறு முறை. மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு லேசாக மெதுவாகும், கையில் நாடி பிடித்தாலே தெரிகிறது. அப்புறம் தாடையைத் தொட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலும் கடித்துத்தான் வைத்திருக்கிறேன். குறிப்பாக, எழுத்தாளர் பிழைகளை வஞ்சனையில்லாமல் அள்ளித் தெளித்திருக்கும் நாட்களில்.

ராத்திரி மூன்று மணிக்கு வலி எழுப்பிவிட்டால் மட்டும் இடுப்பு பக்கம் போவதில்லை. அந்த நேரத்தில் அங்கே போனால் அதோடு சண்டைதான். பாதங்களுக்குப் போகிறேன். போர்வை படும் இடம், படாத இடம், இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். சில நாள் விடியும்வரை. சில நாள், அலாரம் அடிக்கும்போதுதான் நடுவில் தூங்கியிருக்கிறேன் என்பதே தெரிகிறது.