ஃபார்ம்வில்: 220 டாலர் வாடகையும் ஒரு பள்ளிக்கூட அரங்கமும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகர் ரிச்மண்டிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஃபார்ம்வில்லுக்குப் போய்வர, காத்திருப்பும் சேர்த்து 180 டாலர் என்று பேசி ஏறிய வாடகைக் காரின் ஓட்டுநர், ஊர் நெருங்கியதும் காத்திருப்புக்குத் தனியாக 40 டாலர் கேட்டார். நடுவழியில் விலையை ஏற்றுவது பகற்கொள்ளை. 18,000 ரூபாய்க்கு மேல் ஆகிறதே என்று வயிறு எரிந்தாலும், கொடுத்துத்தான் தீர வேண்டியிருந்தது.

அந்த எரிச்சல் மோட்டன் அருங்காட்சியகத்தின் அரங்கத்துக்குள் நுழைந்ததும் அடங்கிவிட்டது. கறுப்பின மாணவர்களுக்கென 1939இல் கட்டப்பட்ட ராபர்ட் ரஸ்ஸா மோட்டன் உயர்நிலைப்பள்ளிதான் இந்தக் கட்டடம். 180 பேருக்கான இடத்தில் 450 பேருக்கு மேல் சேர்ந்தபோது, மாவட்ட நிர்வாகம் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளைப் போட்டுக்கொடுத்துக் கைகழுவியது. 'கோழிக்கூண்டு' என்று அழைக்கப்பட்ட அவற்றில் அடுப்பை ஒட்டி அமர்ந்த பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டும். கடைசி வரிசைப் பிள்ளை மேலங்கியைக் கழற்ற முடியாது. மழை பெய்தால் வகுப்புக்குள்ளேயே குடை விரியும்.

1951 ஏப்ரல் 23 அன்று, மாணவர்கள் சிலர் பேருந்து நிலையத்தில் வம்பில் மாட்டிக்கொண்டதாகத் தொலைபேசியில் ஒரு பொய்ச் செய்தி வர, தலைமையாசிரியர் பதறிப்போய்ப் புறப்பட்டார். அவர் பெயரால் எழுதப்பட்ட சீட்டைக் கண்டு எல்லா வகுப்புகளும் அரங்கத்தில் கூடின. திரை விலகியபோது மேடையில் நின்றவர் 16 வயதுப் பார்பரா ஜான்ஸ். ஆசிரியர்களை வெளியே போகச் சொன்ன அவர், காலணியைக் கழற்றித் தட்டி அவையைத் தம் பக்கம் திருப்பினார் என்கிறார்கள். அந்த மேடைக்கு எதிரே நான் வெகுநேரம் அமர்ந்திருந்தேன். ஓட்டுநரின் காத்திருப்புக் கட்டணம் அப்போது நினைவுக்கு வரவேயில்லை.

வகுப்புகளைப் புறக்கணித்து வெளியேறிய பிள்ளைகள் முதலில் கேட்டது நல்ல கட்டடம் மட்டுமே. இனப் பிரிவினையையே எதிர்ப்பதாயின் வழக்கை நடத்துவோம் என்று வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும் கூறினர். 117 மாணவர்களின் பெயரில் தொடுக்கப்பட்ட அந்த வழக்கு, பொதுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குள் அடங்கிய ஐந்து வழக்குகளில் ஒன்றாயிற்று. அவற்றுள் மாணவர்களே தொடங்கிவைத்தது இது ஒன்றுதான்.

வென்றதற்கான விலை பிறகு வந்தது. சேர்ந்து படிக்க விடுவதைக் காட்டிலும் மூடுவதே மேல் என்று, ஃபார்ம்வில் அடங்கிய பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் 1959 முதல் 1964 வரை பொதுப் பள்ளிகளைப் பூட்டியே வைத்தது. வெள்ளைக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளி கிடைத்தது. கறுப்பினக் குழந்தைகள் பலருக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவர்களுக்கு மதிப்புறு சான்றிதழ்கள் வழங்கப்பட்டது 2003இல். தலை நரைத்த பிறகு பள்ளிச் சான்றிதழ்!

அச்சுறுத்தலுக்கு அஞ்சி அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரியிலிருந்த தந்தையின் சகோதரர் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பார்பரா, பின்னர் பிலடெல்பியாவில் நூலகராகப் பணியாற்றி 1991இல் மறைந்தார். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து 2020இல் அகற்றப்பட்ட, உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் தளபதி லீயின் சிலைக்குப் பதிலாக வர்ஜீனியா மாநிலம் தேர்ந்தெடுத்தது இவரைத்தான்.

பயண விவரங்களை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நாலு பேராகச் சேர்ந்து செல்லுங்கள். வாடகையையும் காத்திருப்பையும் ஏறும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.